பனிச்சறுக்குப் பயணம் பற்றி மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

பெப்ரவரிப் பள்ளி விடுமுறையில் பல்கேரியாவின் பான்ஸ்கோவுக்குப் போகலாமா என்று கேட்டு நீ அனுப்பிய விவரங்களை நானும் அம்மாவும் ஆறுதலாக இருந்து பார்த்தோம். விலை குறைவுதான், அதில் ஐயமில்லை. ஆனால் அந்த விலை விமானத்துக்கும் அறைக்கும் மட்டுமே உரியது. லிப்ட் பாஸ் எனப்படும் மலைமேல் ஏற்றும் லிப்டுக்கான சீட்டு, சறுக்குப் பலகைகளுக்கும் பூட்ஸுக்குமான வாடகை, பிள்ளைகளின் வகுப்பு, மத்தியானச் சாப்பாடு, காப்புறுதி, விமான நிலையத்திலிருந்து மலைக்குப் போகும் வண்டி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்த பிறகுதான் எந்தப் பயணம் உண்மையில் மலிவு என்று சொல்ல முடியும். இங்கே சுவிட்சர்லாந்தின் எங்கடீன் பள்ளத்தாக்கின் ஹோட்டல் சமையலறைகளில் நான் வேலை செய்த காலத்தில், அறை வாடகையில் மிச்சம் பிடித்து வந்த குடும்பங்கள் வாரம் பாதி போவதற்குள் பிள்ளைகளின் வகுப்பை நிறுத்திவிட்டு அறையிலேயே இருந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த நிலை உங்களுக்கு வரக்கூடாது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எந்த ஊர் என்பதைவிட எந்த வாரம் என்பதுதான் செலவைத் தீர்மானிக்கிறது. பெப்ரவரி நடுப்பகுதியில் இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, பிரான்ஸிலும் நெதர்லாந்திலும் இங்கே சூரிச்சிலும் அதை ஒட்டிய வாரங்களில் விடுமுறை வருகிறது. அரை ஐரோப்பாவும் ஒரே மலைகளுக்கு ஏறும் அந்த நாட்களில் விமானச் சீட்டும் அறையும் ஆண்டின் உச்ச விலையில் நிற்கும், லிப்ட் வரிசையும் அப்படியே நீளும். புத்தாண்டு விடுமுறை முடிந்த பின் வரும் ஜனவரி வாரங்கள்தான் எப்போதும் மலிவு. ஆனால் பேரப்பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை அதற்காக விடுவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ளமாட்டேன், நீயும் அப்படி நினைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். எஞ்சுவது ஈஸ்டர் விடுமுறை. 2027ஆம் ஆண்டில் ஈஸ்டர் மார்ச் 28ஆம் திகதியே வந்துவிடுகிறது, இது நமக்கு நல்ல வாய்ப்பு. பகல் நீண்டிருக்கும், குளிர் தணிந்திருக்கும், பெப்ரவரியோடு ஒப்பிடும்போது விலையும் பெரும்பாலும் இறங்கியிருக்கும். முதன்முதலாகப் பலகையில் ஏறும் சிறுவர்களுக்கு, விரல் விறைக்கும் குளிரைவிட அந்த வெயிலே நல்லது.

ஈஸ்டருக்குப் போவதென்றால் உயரத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. விளம்பரங்களில் மலையின் உச்சி எத்தனை மீட்டர் என்று பெரிதாகப் போடுவார்கள். நீ பார்க்க வேண்டியது ஊர் எத்தனை மீட்டரில் இருக்கிறது, தொடக்கக்காரர் பழகும் சரிவு எத்தனை மீட்டரில் இருக்கிறது என்பதைத்தான். ஆஸ்திரியாவின் கிட்ஸ்பியூல் பெயர் பெற்ற ஊர், ஆனால் அது 800 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. மார்ச் கடைசியில் அந்த உயரத்தில் பனிக்குப் பதிலாக மழையே பெய்யக்கூடும். இயந்திரத்தால் பனி தூவுகிறார்களே என்று நீ கேட்கலாம். காற்று உறைநிலையை ஒட்டிக் குளிர்ந்தால் மட்டுமே அந்த இயந்திரம் வேலை செய்யும், வசந்தத்தில் அதை நம்பிக் காசு கட்ட முடியாது. ஊரே 1,800 மீட்டருக்கு மேலே இருக்கும் இடமாகப் பார். பிரான்ஸின் வால் தொரான்ஸ் 2,300 மீட்டரில் இருக்கிறது, ஆஸ்திரியாவின் ஓபர்குர்குலும் 1,900 மீட்டரைத் தாண்டியது. பனிக்கு இரண்டும் உத்தரவாதம் என்றாலும், நீ சொன்ன தொகைக்குள் அவை அடங்கா.

பான்ஸ்கோவைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. சோபியா விமான நிலையத்திலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரப் பயணம். சாப்பாடு மலிவு. 2026 ஜனவரியிலிருந்து பல்கேரியாவில் யூரோவே புழங்குவதால் காசு மாற்றும் சிக்கலும் இல்லை. ஆனால் ஊர் 1,000 மீட்டருக்குச் சற்றுக் கீழே இருக்கிறது, சறுக்கும் சரிவுகளோ மேலே. அங்கே போக எல்லோரும் நம்பியிருப்பது கம்பியில் தொங்கி ஏறும் பெட்டியான கொண்டோலாவை. விடுமுறை வாரத்துக் காலையில், கனத்த பூட்ஸ் போட்ட இரண்டு சிறுவர்களோடு அந்த வரிசையில் நிற்பதை நினைத்துப் பார். ஜனவரியில் போகக்கூடிய இளம் தம்பதிக்கு நானே அதைப் பரிந்துரைப்பேன். உங்கள் குடும்பத்துக்கு, அதுவும் பெப்ரவரியில், அது பொருந்தாது.

என் எண்ணம் இத்தாலியின் லிவின்யோ. எங்கடீனில் வேலை செய்த நம்மவர்களுக்குப் பழகிய ஊர் அது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க எல்லைக்கு வெளியே இருப்பதால் அங்கே பெறுமதி சேர் வரி இல்லை, அதனால் பெற்றோல் அடிக்கவும் சாமான் வாங்கவும் நாங்கள் அங்கே போய்வருவோம். ஊர் 1,816 மீட்டரில் நீளமாகக் கிடக்கிறது. இரு பக்கமும் கரோசெல்லோ, மொத்தோலினோ என்ற சறுக்குப் பகுதிகள் ஏறத்தாழ 2,800 மீட்டர் வரை ஏறுகின்றன. 2026 குளிர்கால ஒலிம்பிக்கின் ஸ்னோபோர்ட் போட்டிகள் நடந்ததும் அங்கேதான். உங்களுக்கு முக்கியமானது அதுவல்ல. சிறுவர் பழகும் சரிவுகள் ஊரின் ஓரத்திலேயே, வீடுகளுக்குப் பின்னால் இருக்கின்றன. பிள்ளைக்கு அழுகை வந்தால் ஐந்து நிமிடத்தில் அறைக்குத் திரும்பிவிடலாம். அந்த வசதிக்கு நான் பெரிய விலை மதிப்பேன்.

அதன் குறை தூரம்தான், ஆனால் உங்களுக்கு அது குறையாகாது. வெள்ளிக்கிழமை மாலை சூரிச்சுக்கு வந்து எங்கள் வீட்டில் தங்குங்கள். பிறகு ரயிலில் எங்கடீனிலுள்ள செர்னெட்ஸ் வரை மூன்று மணி நேரத்துக்குள் போய், அங்கிருந்து பேருந்தில் முண்ட் லா ஸ்கேரா சுரங்கப் பாதை வழியாக லிவின்யோவில் இறங்கலாம். அணை கட்டுவதற்காக 1960களில் குடைந்த ஒற்றைத் தடப் பாதை அது. வண்டிகளை மாறி மாறித்தான் விடுவார்கள், சனிக்கிழமைகளில் நெடுநேரம் காக்க வேண்டியிருக்கும். ஆகவே சனி வேண்டாம், ஞாயிறு புறப்படுங்கள். எங்களோடும் இன்னொரு நாள் இருந்ததாகும்.

லிப்ட் பாஸில் அவசரப்படாதே. நீ பள்ளிக்கூட ஸ்கீ முகாமில் பழகியவள், உனக்கு முழுப் பாஸ் வேண்டும். மருமகனும் பிள்ளைகளும் முதல் இரண்டு மூன்று நாள் அந்தச் சிறு சரிவை விட்டு நகரப் போவதில்லை. தொடக்கக்காரருக்கு மட்டுமான மலிவுச் சீட்டோ நாட்சீட்டோ இருக்கிறதா என்று முன்கூட்டியே கேள். மிச்சமாகும் காசை வகுப்பில் போடு. காலை நேரக் குழு வகுப்பே போதும். நீயே சொல்லிக் கொடுக்க முயலாதே, சொந்தத் தாயிடம் பிள்ளைகள் இந்தக் கலையைக் கற்பது அரிது.

பூட்ஸ் எடுக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்து எடு. ஒரே ஒரு மெல்லிய நீளக் காலுறைதான் போட வேண்டும், குளிரும் என்று இரண்டு போட்டால் மடிப்பு விழுந்து கால் தேய்ந்துவிடும். பிள்ளை நிமிர்ந்து நிற்கும்போது பெருவிரல் முன்பக்கத்தை மெல்லத் தொட வேண்டும், முழங்காலை முன்னே மடித்ததும் விரல் சற்றுப் பின்வாங்க வேண்டும், குதிகால் எழும்பக்கூடாது. வளரும் கால் என்று பெரிய அளவு எடுத்தால் அந்த வாரமே வீண். உடைகள் எதையும் வாங்காதே. அண்ணாவின் பிள்ளைகள் போட்டு விட்ட பனி உடைகளையும் கையுறைகளையும் அம்மா நிலவறையில் துவைத்து மடித்து வைத்திருக்கிறாள். தலைக்கவசத்தை மட்டும் அங்கேயே வாடகைக்கு எடுங்கள், இத்தாலியில் அது கட்டாயம்.

காப்புறுதியில் மட்டும் ஒரு காசுகூடக் குறைக்காதே. உங்களிடம் உள்ள பிரித்தானிய மருத்துவ அட்டை இத்தாலி அரசு மருத்துவமனைச் செலவுக்கு உதவும். சரிவிலிருந்து கீழே கொண்டுவருவதற்கோ, காலில் கட்டோடு லண்டன் திரும்புவதற்கோ அது உதவாது. சாதாரணப் பயணக் காப்புறுதி பனிச்சறுக்கைப் பெரும்பாலும் விலக்கிவைக்கும், குளிர்கால விளையாட்டு என்று தனியாகச் சேர்க்க வேண்டும். இன்னொருவரை மோதிக் காயப்படுத்தினால் ஈடு கொடுக்கும் பொறுப்புக் காப்பும் 2022 முதல் இத்தாலியச் சரிவுகளில் கட்டாயமாகிவிட்டது. உன் பத்திரத்தில் அது இல்லையென்றால் லிப்ட் பாஸோடு சேர்த்து நாளுக்கு ஒரு சிறு தொகைக்கு வாங்கிக்கொள்ளலாம்.

பிள்ளைகளின் ஈஸ்டர் விடுமுறைத் திகதிகளைப் பள்ளிக்கூட நாட்காட்டியைப் பார்த்து இந்தக் கிழமைக்குள் எனக்கு எழுது. சமையலறை உள்ள வாடகை வீடாகப் பார்க்கிறேன், காலையும் இரவும் அம்மா தந்துவிடும் மாவிலும் மிளகாய்த்தூளிலும் நீங்களே சமைத்துக்கொள்ளலாம். சிறு சரிவுக்குப் பக்கத்து வீடுகள்தான் முதலில் தீரும், ஆகையால் மருமகனோடு பேசிவிட்டு உடனே பதில் போடு.

அன்புடன்,
அப்பா