மிளகு மூட்டையும் பிறப்பிடச் சான்றும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அண்டை நாடுகளோடு போடும் வணிக ஒப்பந்தங்கள் பற்றிய உங்கள் தலையங்கத்தைப் படித்தேன். வரி குறைந்தால் விலை குறையும் என்கிறீர்கள். சரி. ஆனால் ஒரு கணக்கு அதில் விட்டுப்போயிருக்கிறது. 28 வருடமாகக் கீழமாசி வீதியில் மிளகு வாங்கி விற்கிறேன். அதனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இலங்கையோடு நமக்குள்ள ஒப்பந்தம் 2000 மார்ச்சிலிருந்து நடப்பில் இருக்கிறது. அதன்படி வருடத்துக்கு 2,500 டன் மிளகு வரியே இல்லாமல் வரலாம். அதற்கு மேல் வந்தால் தெற்காசிய நாடுகளுக்கிடையேயான சாஃப்டா ஒப்பந்தப்படி 8 சதவீதம் வரி. வியட்நாம் மிளகுக்கோ, தென்கிழக்காசிய நாடுகளுக்கான ஆசியான் ஒப்பந்தச் சலுகை போகவும் 50 சதவீதத்துக்குக் குறையாது. வியட்நாம் சரக்கை இலங்கையில் இறக்கி, அங்கேயே விளைந்ததாகச் சான்று வாங்கி இங்கே அனுப்புகிறார்கள் என்று குடகு, கேரள விவசாயிகள் பல வருடமாகப் புலம்புவது இந்த வித்தியாசத்தால்தான்.

கிலோ 500 ரூபாய் என்று வையுங்கள். 250 ரூபாய் வரி வர வேண்டிய இடத்தில் 40 ரூபாய்தான் வரும். 210 ரூபாய் போச்சு. டெல்லி பணம்தானே என்று விட முடியாது. அடிப்படைச் சுங்க வரி மாநிலங்களோடு பங்கு போடும் வரி. மாநிலங்களுக்கு வரியைப் பங்கிட்டுக் கொடுக்கும் 15வது நிதிக்குழுவின் 2021-26 கணக்கில் 41 சதவீதம் மாநிலங்களுக்கு, அதில் 4.079 சதவீதம் தமிழ்நாட்டுக்கு. அந்தக் கணக்குப்படி ஒரு டன்னுக்கு நம் மாநிலத்துக்கு மட்டும் சுமார் 3,500 ரூபாய் இழப்பு.

விலை சரிந்து கிடந்த 2018-ல் தாண்டிக்குடியிலிருந்து ஒரு பெரியவர் மூட்டையோடு வந்தார். அருமையான சரக்கு. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் தூசி இல்லை, ஒரு லிட்டர் அளந்து எடை போட்டால் 550 கிராமைத் தாண்டியது; எடை கூடினால் மணி திரண்ட நல்ல மிளகு என்று அர்த்தம். "இதுக்கே இந்த விலைதானா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டு, பணத்தை எண்ணாமலே மடியில் முடிந்துகொண்டார். இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

ஒப்பந்தமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இலங்கையில் மிளகு போடும் மாத்தளை விவசாயியும் பிழைக்க வேண்டும். ஆனால் இலங்கை மிளகையும் வியட்நாம் மிளகையும் கலந்து வைத்தால் எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. காகிதம்தான் சொல்ல வேண்டும். சரக்கு எங்கே விளைந்தது என்ற விவரத்தை இறக்குமதியாளரே வைத்திருக்க வேண்டும் என்று 2020 செப்டம்பரில் விதி வந்துவிட்டது. அதன்படி தூத்துக்குடியிலும் கொச்சியிலும் எத்தனை சான்றுகளைச் சந்தேகப்பட்டுச் சரிபார்த்தார்கள், எவ்வளவு வரியை மீட்டார்கள்? மதுரை, திண்டுக்கல், தேனி எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் இதைக் கேட்டுப் பதில் வாங்க வேண்டும். வரும் பதிலை உங்கள் பத்திரிகை வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பலசரக்கு வியாபாரி,
கீழமாசி வீதி, மதுரை.