மிளகின் வயிறும் நீ அனுப்பிய கருவாடும்

மயிலாப்பூர்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள முத்து,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. பேத்தியின் பள்ளிச் செய்தியையும் உன் முழங்கால் வலியையும் ஒரே பத்தியில் முடித்துவிட்டு, உன் பூனை செவலையின் வயிற்றுப்போக்குக்கு மூன்று பக்கம் ஒதுக்கியிருந்தாய். சிரித்தேன், ஆனால் ஏளனமாக அல்ல, சென்ற ஆண்டு முழுவதும் நானும் அப்படித்தான் இருந்தேன். பத்து நாள் கழிசல், மருந்து கொடுத்தால் ஒரு வாரம் நிம்மதி, பிறகு பழையபடி கழிசல் என்று நீ எழுதியிருந்ததைப் படித்தபோது, எங்கள் வீட்டுப் பூனை மிளகின் கதையை வேறொருவர் கையெழுத்தில் படிப்பது போல இருந்தது. ஆகவே நான் பட்டதை எழுதுகிறேன். உனக்கு உதவுவதை எடுத்துக்கொள்.

மிளகுக்கு அப்போது ஆறு வயது. நன்றாகச் சாப்பிட்டான், விளையாடினான், ஆனால் எட்டு மாதத்தில் 4.6 கிலோவிலிருந்து 3.9 கிலோவுக்கு இறங்கிவிட்டான். தினமும் மடியில் வைத்திருப்பவனுக்கு இளைப்பது தெரிவதில்லை. எழுநூறு கிராம் என்றால் கேட்க அற்பமாக இருக்கும்; அறுபது கிலோ மனிதன் ஒன்பது கிலோ இளைத்ததற்கு அது சமம். இதை மருத்துவர் சொன்ன அன்று மாலையே, குழந்தைகளை நிறுக்கும் தராசு ஒன்றை வாங்கிவந்தேன். குளியலறைத் தராசில் பூனையைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று, பிறகு நம் எடையைக் கழிக்கிற கணக்கில் நூறு இருநூறு கிராம் பிசகிவிடும். பூனையின் விஷயத்தில் அந்த இருநூறு கிராமில்தான் செய்தியே இருக்கிறது.

முதல் ஓராண்டு நான் செய்த தவறு, ஒவ்வொரு முறையும் அதே ஐந்து நாள் மருந்தைக் கொடுத்துக்கொண்டிருந்ததுதான். மெட்ரோனிடசோல் என்ற அந்தக் கிருமிக்கொல்லி மருந்தைக் கொடுத்தால் மலம் இறுகியது உண்மை. ஆனால் அது குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களையும் சேர்த்தே குலைக்கிறது. அடியில் இருக்கும் காரணம் அப்படியே இருக்க, மருந்து நின்றதும் கழிசல் திரும்பிவிடுகிறது. நான் போய்வந்த ஒரு மருத்துவமனையில் மல பரிசோதனை செய்யாமலே நான்கு முறை இதையே எழுதிக்கொடுத்தார்கள். நானும் கேட்கவில்லை. மாதம் இரண்டு மூன்று முறை முடியுருண்டை கக்குவதையும் ‘பூனை என்றால் அப்படித்தான்’ என்று விட்டுவிட்டேன். அடிக்கடி முடி கக்கினால் பழியை முடியின்மேல் போடக்கூடாது, முடியை முன்னே தள்ளாத குடலைச் சந்தேகிக்க வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது.

கடைசியில் வேப்பேரிக்குப் போனேன். 1903-இல் தொடங்கிய அந்தக் கால்நடை மருத்துவக் கல்லூரியை ‘மாட்டாஸ்பத்திரி’ என்றே நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். பூனைக் கூடைகளோடு காத்திருந்தவர்களைப் பார்த்தபோது அந்தப் பெயர் எவ்வளவு பழசாகிவிட்டது என்று தோன்றியது. முதலில் மூன்று நாள் மலம் கேட்டார்கள். ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகள் தினமும் மலத்தில் வெளிப்படுவதில்லை என்பதால், ஒரு நாள் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லிவிட முடியாதாம். மிளகின் மலத்தில் எதுவும் இல்லை. ஸ்கேனில் சிறுகுடலின் சுவர் சற்றுத் தடித்திருந்தது. இரத்தத்தில் பி12 குறைவாக இருந்தது. அந்த வைட்டமின் சிறுகுடலின் கடைப்பகுதியில்தான் உடம்பில் சேர்கிறது, அங்கே புண்பட்டிருந்தால் எவ்வளவு சாப்பிட்டாலும் ஏறாது. வாரம் ஒரு ஊசி வீதம் ஆறு வாரம் போட்டோம்.

நாட்பட்ட குடல் அழற்சியுள்ள பூனைகளில் கணிசமானவை உணவை மாற்றினாலே தேறிவிடும், அதுவும் இரண்டு வாரத்துக்குள் தெரிந்துவிடும், அதனால் ஸ்டீராய்டுக்கும் குடல் திசுச் சோதனைக்கும் முன்னால் இதைச் செய்வோம் என்றார் மருத்துவர். புரதத்தை மிகச் சிறு துண்டுகளாக உடைத்து, உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதை இன்னதென்று அடையாளம் காணாதபடி தயாரித்த உலர் தீனி ஒன்றை எழுதிக்கொடுத்தார். விலை கையைக் கடிக்கும். ஒரு வாரம் பழைய தீனியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றினேன். இரண்டு வாரம் ஆயிற்று, மூன்று வாரம் ஆயிற்று, கழிசல் நிற்கவில்லை. நான் வைத்திருந்த நோட்டுப் புத்தகத்தில் தேதி, எடை, மலம் கெட்டியா கூழா தண்ணீரா என்பதை எழுதிவந்தேன். இரண்டு நாள் நன்றாக இருக்கும், மூன்றாம் நாள் கெட்டுவிடும், இப்படியே போயிற்று.

நான்காவது வாரம் ஒரு விடியற்காலையில் கூடத்தில் வாந்தி எடுத்திருந்தான். துடைக்கக் குனிந்தபோது, நுரைக்கு நடுவே கடுகளவு கண்ணோடு ஒரு நெத்திலித் தலை கிடந்தது. தூத்துக்குடியிலிருந்து பொங்கலுக்கு நீ அனுப்பிய கருவாடு, முத்து! அம்மா மதியச் சாப்பாட்டின்போது நாற்காலிக்கடியில் தினமும் இரண்டு போட்டிருக்கிறார். கேட்டதற்கு, “வாயில்லா ஜீவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் எனக்கு எப்படித் தொண்டையில் இறங்கும்?” என்றார். விசாரித்ததில், வேலைக்கு வரும் அம்மாள் காலையில் ஒரு கரண்டி பால் வைப்பதும், கீழ்வீட்டுப் பிள்ளைகள் தயிர்சாதம் ஊட்டுவதும் வெளியே வந்தன. வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் இருப்பதில்லை. சோதனை நடந்துகொண்டிருந்தது என்று நான் நம்பிய மூன்று வாரமும் சோதனையே நடக்கவில்லை.

எண்பத்து நான்கு வயதுக்காரரிடம் ‘போடாதே’ என்று சொல்லிப் பயனில்லை. ஆகவே பொறுப்பையே அவரிடம் கொடுத்துவிட்டேன். காலையில் அன்றைய அளவான ஐம்பது கிராம் தீனியைச் சமையலறைத் தராசில் நிறுத்து, பழைய பெருங்காய டப்பாவைக் கழுவிக் காயவைத்து அதில் போட்டு அவர் பக்கத்தில் வைப்பேன். யார் கொடுத்தாலும் அந்த டப்பாவிலிருந்துதான் கொடுக்க வேண்டும். இப்போது கீழ்வீட்டுப் பிள்ளைகள் அவரிடம் வந்து கை நீட்டி நான்கு தீனி மணிகளை வாங்கிப்போய் ஊட்டுகிறார்கள். பன்னிரண்டாம் நாள் முதன்முறையாகக் கெட்டியாகப் போனான். எட்டு வாரம் கழித்துப் பழைய உணவுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்துப் பார்த்தோம். கோழி ஒரு வாரம் கொடுத்தும் ஒன்றும் செய்யவில்லை. உப்பில்லாமல் அவித்த சங்கரா மீன் கொடுத்த மூன்றாம் நாள் கழிசல் வந்துவிட்டது. இப்போது 4.4 கிலோ இருக்கிறான். முழுதும் குணமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். மாதக்கணக்கில் நன்றாக இருந்துவிட்டு, எங்கேயாவது வாய்வைத்து வந்து மூன்று நாள் கெடுத்துக்கொள்கிறான்.

அந்தத் தீனி விலைக்குக் கட்டாது என்றால், செவலை இதுவரை தின்றறியாத ஓர் இறைச்சியை மட்டும் வேகவைத்துச் சில வாரம் கொடுத்துப் பார்க்கலாமா என்று உன் மருத்துவரைக் கேள். ஆனால் அதையே நிரந்தரமாக்கிவிடாதே. டாரின் என்ற சத்தைப் பூனையின் உடம்பு போதுமான அளவு தானே உண்டாக்கிக்கொள்வதில்லை, வேகவைத்த தண்ணீரோடும் அது போய்விடும். அது குறைந்தால் பூனையின் இதயம் வீங்கித் தளர்ந்துபோகும் என்று கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 1987-இல் காட்டினார்கள். குழம்பில் கிடந்த துண்டைக் கழுவிப் போடுவதையும் நிறுத்து. வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்த அணுக்களையே சிதைக்கும்.

செவலைக்குப் பதினொரு வயது என்பதால் உணவோடு நிற்காமல் தைராய்டையும் பார்க்கச் சொல்; அந்த வயதில் நன்றாகத் தின்றும் இளைப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். உணவு மாற்றியும் தேறாவிட்டால் திசுச் சோதனையைத் தள்ளிப்போடாதே. சாதாரண அழற்சியும் மெதுவாக வளரும் குடல் புற்றும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டுக்கும் மருந்து உண்டு.

இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தால் வயிறு தானே ஆறட்டும் என்று காத்திராதே, பட்டினி கிடக்கும் பூனையின் கல்லீரலில் கொழுப்பு ஏறிவிடும், அதிலும் செவலை குண்டு. மண் தொட்டியில் முக்கிக்கொண்டு உட்கார்ந்தால் மலச்சிக்கல் என்று நீயாக முடிவு கட்டாதே. ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைத்திருக்கலாம், அப்படியானால் அன்றைக்கே ஓட வேண்டும். உன் வீட்டில் பூக்கட்டுகிறார்கள் என்பதால் இதையும் சொல்கிறேன்: நூலையோ நாரையோ விழுங்கி அதன் நுனி பின்னால் தொங்கினால் இழுத்துவிடாதே, குடல் அறுந்துபோகும். பாராசிட்டமால் மாத்திரையில் ஒரு துண்டுகூட வேண்டாம், அது பூனைக்கு நஞ்சு.

மல டப்பாவோடு எப்போது போகிறாய் என்பதையும், செவலையின் சரியான எடையையும் அடுத்த கடிதத்தில் எழுது. உன் முழங்காலைப் பற்றியும் ஒரு பத்திக்கு மேல் எழுதலாம். அம்மா உன்னை மிகவும் விசாரித்தார். இந்தப் பொங்கலுக்கும் கருவாடு அனுப்பு. ஆனால் பொட்டலத்தை அம்மா பெயருக்கு அனுப்பாமல் என் பெயருக்கு அனுப்பு.

அன்புடன்,
ராஜு