நிறத்தைச் சொல்லி ஆடையை மறுக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தீபாவளியை ஒட்டித் தங்கள் நாளிதழின் மகளிர் பக்கத்தில் வெளிவரும் ஆடைக் குறிப்புகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். கறுத்த நிறத்தவர் இந்த வண்ணத்தைத் தவிர்க்க வேண்டும் என்ற அளவிலேயே அவற்றுள் பல முடிந்துவிடுவது வருத்தம் அளிக்கிறது. இங்கு பினாங்கின் லிட்டில் இந்தியா துணிக்கடைகளிலும் இதே பேச்சைத்தான் கேட்கிறோம். வளரும் பெண்பிள்ளையின் முன்னால் அப்படிச் சொல்வது அவளுடைய மனத்தில் எவ்வளவு ஆழமாகப் பதியும் என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஓர் ஆடை ஒருவருக்கு எடுப்பாக அமைவதில் கோடு, அளவு, துணியின் தன்மை ஆகியவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு என்பதைத் தையல் கற்பிப்பவள் என்ற முறையில் உறுதியாகச் சொல்வேன். உயரம் குறைந்தவர் மிக அகலமான கரை கொண்ட சேலையைக் கட்டினால், அந்தக் கரை கீழ்ப்பகுதியைக் குறுக்கே வெட்டி உயரத்தை மேலும் குறைத்துக் காட்டும். குறுங்கரையும், தோளிலிருந்து ஒழுங்காக மடித்துவிட்ட முந்தானையும் பார்வையை மேலிருந்து கீழாக இழுத்துச் செல்லும். சேலையும் ரவிக்கையும் ஒரே வண்ணச் சாயலில் இருந்தால் உருவம் இடையில் துண்டுபடாது. ரவிக்கையின் கை எங்கே முடிகிறதோ அங்கேதான் கண் நிற்கும் என்பதால், மேற்கையின் பருத்த இடத்தில் அதை முடிக்காமல் முழங்கைவரை இறக்கித் தைப்பது நல்லது. கனமான காஞ்சிபுரப் பட்டு விறைத்து நின்று ஒளியைத் திருப்புவதால் மெலிந்தவருக்கு நிறைவைத் தருகிறது. ஷிஃபானும் ஜார்ஜெட்டும் உடலோடு ஒட்டி இறங்குகின்றன.

குறுக்குக்கோடு பருமனாகக் காட்டும் என்று நம்மிடையே வழங்கும் கருத்தையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. சம அளவுள்ள இரு சதுரங்களில், குறுக்குக்கோடுகளால் நிரப்பியது உயரமாகவும், நெடுக்குக்கோடுகளால் நிரப்பியது அகலமாகவும் தோன்றுவதை 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் எடுத்துக்காட்டியிருக்கிறார்.

வண்ணம் முக்கியமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. முகத்துக்கும் துணிக்கும் இடையே உள்ள வேறுபாடு முகத்தைத் துலக்குகிறதா என்பதுதான் கேள்வி. கடுகு மஞ்சளும் குங்குமச் சிவப்பும் மயில்கழுத்து நீலமும் கறுத்த மேனியில் எத்துணை அழகாகத் துலங்குகின்றன! கடைக்குள் எரியும் விளக்குகள் துணியின் நிறத்தை மாற்றிக் காட்டக்கூடும்; ஆகவே சேலையை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்து வந்து, முகத்தருகே வைத்துப் பார்த்து முடிவு செய்யும்படி வாசகியருக்குச் சொல்லுங்கள்.

தங்கள் மகளிர் பக்கத்தில் கரை, கழுத்து, கை அமைப்புகளைப் படங்களுடன் விளக்கும் தொடர் ஒன்றை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். தீபாவளி ரவிக்கைகளைப் பல வாரங்களுக்கு முன்பே தைக்கக் கொடுத்துவிடுகிறார்கள் என்பதால், அதற்கு முன்னதாகவே அத்தொடர் வெளிவந்தால் பலருக்கும் பயன்படும்.

இப்படிக்கு,
தையல் ஆசிரியை ஒருவர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு