ரெண்டாவது தடவையும் கூட நின்றவர்களுக்கு

இந்த ஆவணியோடு வலது பக்க மார்புப் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து மூணு வருஷம். இடது பக்கம் 2016-ல். அப்போது எனக்கு 34 வயசு, ஒரு மார்பை முழுசா எடுத்து, கீமோ, ரேடியேஷன், அப்புறம் அஞ்சு வருஷம் ஹார்மோனைத் தடுக்கிற டமாக்சிஃபென் மாத்திரை. கதை முடிந்தது என்று இருந்தபோது 2022-ல் வருஷாந்திர மேமோகிராமில் (மார்பு எக்ஸ்ரே) வலது பக்கம் ஒரு புள்ளி. ஸ்கேன் எடுத்த இடத்தில் ஒருத்தர் என் வீட்டுக்காரர் காதில், "மறுபக்கமும் பரவிடுச்சு" என்று சொல்லிவிட்டார். எந்த இடம் என்று எழுதவில்லை, ஆனால் அந்த ஒரு சொல்லால் எங்கள் வீட்டில் ரெண்டு நாள் அடுப்பு எரியவில்லை.

முதல் நன்றி திருவனந்தபுரம் ஆர்.சி.சி. (மண்டலப் புற்றுநோய் மையம்) டாக்டர் அம்மாவுக்கு. (1981-ல் தொடங்கின ஆஸ்பத்திரி, என்னைவிட ஒரு வயசு மூப்பு.) ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் ரெண்டு வட்டம் போட்டு, மலையாளம் பாதி தமிழ் பாதியாகச் சொன்னார். இடது பக்கத்தில் இருந்தது ஹார்மோன் மாத்திரைக்கு அடங்குகிற கட்டி, வலது பக்கம் இருப்பது ஹெர்-2 என்கிற புரதம் அதிகமாக இருக்கிற கட்டி, ஜாதியே வேறு, அதனால் இது பரவினது இல்லை, புதுசா முளைத்தது. நூறு பேரில் 2 முதல் 5 பேருக்கு இப்படி ரெண்டு பக்கமும் வருமாம், சிலருக்கு ஒரே சமயத்தில், சிலருக்கு என்னை மாதிரி வருஷம் கழித்து.

எத்தனை வருஷம் இருப்பேன் என்று கேட்டேன். ரெண்டு என்பதால் ஆயுள் பாதியாகிவிடாது, ரெண்டில் எது மோசமோ அதை வைத்துத்தான் கணக்கு என்றார். புதுசு 1.2 சென்டிமீட்டர்தான், அக்குள் நெறி (நிணநீர்க் கணு) எதையும் அது பிடிக்கவில்லை. பழசுதான் அப்போதே ரெண்டு நெறியைப் பிடித்திருந்தது, அது ஆறு வருஷம் வாலாட்டவில்லை. மறுபக்கம் சீக்கிரமே வருவதைவிட இப்படித் தள்ளி வருவது நல்லது என்றும் சொன்னார். இனி வராது என்று மட்டும் சொல்லவில்லை. அதனால்தான் மற்றதையெல்லாம் நம்பினேன்.

வார்டு சிஸ்டருக்கு: ஆபரேஷனுக்கு முன்னால், "நீல மருந்து குத்தும் சேச்சீ, மூத்திரம் பச்சையா போகும், பேடிக்கண்டா (பயப்படாதே)" என்று சொல்லி வைத்தீர்களே, சொல்லாமல் இருந்திருந்தால் மறுநாள் கக்கூஸில் நான் மயங்கி விழுந்திருப்பேன். அசல் மயில் கழுத்து நிறம்! அந்த நீலம் ஏறின மூணு நெறியை மட்டும் எடுத்துப் பார்த்ததால் வலது கை வீங்காமல் தப்பித்தது. இடது கைதான் இன்னும் வீங்கும், அதில் யாரும் ஊசி போடாமல் காவல் இருந்ததும் நீங்கள்தான்.

மதினி, உங்களுக்கு எப்படி எழுத? ஆபரேஷன் புண்ணிலிருந்து குழாய் வழியாக டிரெயின் குப்பியில் சேருகிற நீரை காலையும் சாயந்திரமும் அளந்து பால் கணக்கு நோட்டில் எழுதினீர்கள். 70, 55, 40, பக்கத்திலேயே அரை லிட்டர், ஒரு லிட்டர். டாக்டர் நோட்டைப் புரட்டிவிட்டு இதில் எது பால் என்று கேட்டார். ஜீன் டெஸ்டில், பரம்பரையாக வருகிற பி.ஆர்.சி.ஏ. ஜீன் கோளாறு இல்லை என்று வந்த அன்றைக்கு என் தங்கச்சியைவிட நீங்கள்தான் அதிகம் அழுதீர்கள்.

கேரளா பஸ் கண்டக்டர் அண்ணாச்சி, ஆரியங்காவு தாண்டி வளைவு வருமுன்னே எலுமிச்சம்பழத்தை நீட்டுவீர்கள். பேர்கூடக் கேட்கவில்லை.

கடைசியாகப் புளியரை ஆட்டோ தம்பி. வாராவாரம் கீமோ, 12 புதன்கிழமை, காலை நாலு மணிக்கு வாசலில் நிற்பாய், செங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் சீட் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போவாய். கடைசி நாலு வாரத்துக் காசை அப்புறம் வாங்கிக்கிறேன் என்று சொல்லிச் சொல்லியே ஓடிவிட்டாய். மதினியிடம் கொடுத்து வைத்திருக்கிறேன், பால் நோட்டிலும் எழுதியாகிவிட்டது, வந்து வாங்கிக்கோ.