ஆதாரம்: யூடியூப் என்று மட்டும் எழுதினால் போதாது

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் எழுதிய கீழடி கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருக்கிறோம். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள், ஆனால் கடைசிப் பக்கத்தில் ஆதாரம் கேட்ட இடத்தில் நிறையப் பேர் ‘யூடியூப்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஒருத்தர் சொன்னார் என்று எழுதுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

வீடியோ பார்த்து எழுதுவதில் தப்பே கிடையாது. யார் பேசியது, எந்தச் சேனல், வீடியோவின் தலைப்பு, ஏற்றிய தேதி, அந்த விஷயம் எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது, லிங்க், இவ்வளவும் வேண்டும். முக்கால் மணி நேர வீடியோவில் நிமிடம் போடாமல் விட்டால் திருத்துகிற ஆசிரியர் எங்கே போய்த் தேடுவார்?

தேதி எதற்கு என்று கேட்கிறார்கள். ஒரு பையனின் கட்டுரையில் முதல் பக்கத்தில் கீழடிக்கு வயது 2,200 ஆண்டு, நாலாம் பக்கத்தில் 2,600 ஆண்டு. இரண்டுமே வீடியோவில் கேட்டதுதான், அவன் கைச்சரக்கு இல்லை. 2017-ல் வெளியான கார்பன் சோதனை முடிவுகள் சுமார் 2,200 ஆண்டு என்றன. 2019 செப்டம்பரில் மாநிலத் தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கை, 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரியை வைத்து கி.மு. 580, அதாவது சுமார் 2,600 ஆண்டு என்றது. தேதியைக் குறித்து வைத்திருந்தால் எது பழைய கணக்கு என்று அவனுக்கே புரிந்திருக்கும். அதிலும் ஒரு சிக்கல், பழைய பேச்சை வெட்டி வேறொரு சேனல் புதிதாக ஏற்றியிருக்கும். அதனால் பேசிய நாள் தெரிந்தால் அதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

காலேஜில் ஆதாரங்களை ஏபிஏ (APA) முறைப்படி வரிசையாக எழுதச் சொல்லிக் கேட்பார்கள். அதில் வீடியோவை ஏற்றிய சேனலின் பெயர்தான் முதலில் வரும். பேசியவர் வேறு ஆள் என்றால் அவர் பெயரைக் கட்டுரைக்குள்ளேயே சொல்லிவிட வேண்டும். இப்போதே பழகினால் நல்லது.

அப்புறம் வாட்ஸ்அப்பில் வரும் துண்டு வீடியோ. முழு வீடியோ எங்கே என்று வீட்டில் ஒரு தடவை கேளுங்கள், கிடைக்கவில்லை என்றால் கட்டுரையில் சேர்க்க வேண்டாம். அறிக்கையே கையில் கிடைத்தால் வீடியோவை விட்டுவிட்டு அறிக்கையைக் காட்டுவதுதான் முறை. புது நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போய் அங்கே கேட்டுப் பாருங்கள்.

கட்டுரைகளைத் திருப்பித் தருகிறோம், வெள்ளிக்கிழமைக்குள் கடைசிப் பக்கத்தை மட்டும் மாற்றி எழுதிக் கொடுத்தால் போதும், மார்க் குறையாது. ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்து வாங்கி வர வேண்டாம், அவரவர் கையெழுத்தில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்