ஆப்பிரிக்கப் பள்ளிக்கு நம் ஊர் வரைபடம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆப்பிரிக்கக் கிராமப் பள்ளிகளுக்குக் கழிப்பறை கட்டித்தர நிதி திரட்டும் வேலூர் மாவட்ட அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் பள்ளிகளில் கட்டும் தண்ணீர் ஊற்றும் கழிப்பறையின் வரைபடத்தை அப்படியே அங்கே அனுப்பாதீர்கள்.

நம் கழிப்பறைக் கோப்பையின் அடிவளைவில் 2 செ.மீ. தண்ணீர் நின்றால்தான் நாற்றம் அடங்கும். ஒவ்வொரு முறையும் ஒன்றரை, இரண்டு லிட்டர் ஊற்ற வேண்டும். அங்கே பல கிராமங்களில் தண்ணீர் தலைச்சுமையாக வருகிறது. துடைக்கக் காகிதம், இலை, மக்காச்சோளச் சக்கை. சில நாளிலேயே வளைவு அடைத்துக்கொள்ளும், அறைக்குப் பூட்டு விழும்.

அந்த மண்ணுக்குப் பொருந்துவது 1970களில் ஜிம்பாப்வேயில் உருவான காற்றுக்குழாய்க் குழிக் கழிப்பறை. குழியிலிருந்து கூரைக்கு மேல் அரை மீட்டர் உயரும் குழாய், அதன் வாயில் சன்ன வலை. குழாய் வாயைக் காற்று உரசிப் போகும்போது குழியின் நாற்றம் மேலே இழுபடுகிறது. குழியில் பிறக்கும் ஈ வெளிச்சத்தைத் தேடிக் குழாயில் ஏறி, வலையில் முட்டி அங்கேயே சாகிறது. அதனால் அறை இருட்டாக இருந்தாக வேண்டும். கதவே இல்லாமல் சுருள் வடிவில் சுவர் எழுப்பியது இதற்காகத்தான். நல்ல மனதோடு பெரிய ஜன்னல் வைத்தாலும், உட்காரும் துளையைப் பலகையால் மூடினாலும் எல்லாம் கெட்டுவிடும். சாதாரண இரும்பு வலை குழி வாயுவில் துருப்பிடித்துக் கிழியும். எவர்சில்வர் வலை போடுங்கள். (கழுவத் தண்ணீர் பயன்படுத்தும் நம் ஜவ்வாது மலைப் பள்ளிகளுக்கு இது ஒத்துவராது. குழி ஈரமாகி நாறும். நமக்கு, இரண்டு குழிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் தண்ணீர் ஊற்றும் கழிப்பறைதான்.)

குழியின் மேல்பகுதிக்குக் கட்டுச் சுவர் கட்டாயம். மேல்தளம் கம்பி கட்டிய கான்கிரீட்டாக, ஒரு வாரம் ஈரம் காயாமல் வைத்து இறுகியதாக (க்யூரிங்) இருக்கட்டும். சிறு பிள்ளைகளுக்குத் துளை குறுகலாக வேண்டும். 2014இல் தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ மாகாணத்தில் ஐந்து வயதுச் சிறுவன் பள்ளிக் கழிப்பறைக் குழிக்குள் விழுந்து உயிரிழந்தான். இதில் ஒரு ரூபாய்கூட மிச்சம் பிடிக்கக் கூடாது.

எண்ணிக்கைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அளவு உண்டு: 25 மாணவிகளுக்கு ஒன்று, 50 மாணவர்களுக்கு ஒன்று, கூடவே சிறுநீர் கழிக்கும் இடம். மாணவிகள் அறைக்கு மட்டும் கதவும் உள்தாழ்ப்பாளும், நாப்கின் போட மூடியுள்ள வாளி, கழுவத் தண்ணீர்.

கட்டடத்தோடு கை கழுவும் வேலையும் நடக்க வேண்டும். மேற்குக் கென்யாவில் நடந்த ஓர் ஆய்வில், கழிப்பறை கூடுதலாகக் கட்டிக் கொடுத்த பள்ளிகளில் மாணவிகளின் கைகளில் கிருமி குறையவில்லை, கூடியது. துடைக்கக் காகிதமும் கழுவச் சோப்பும் தினமும் இல்லாமல் கழிப்பறை மட்டும் பெருகினால் இப்படித்தான் ஆகும். கட்டிச் சோப்பு காணாமல் போகும் பள்ளியில், ஒன்றரை லிட்டர் பாட்டில் தண்ணீரில் 30 கிராம் சோப்புத்தூளைக் கரைத்து, மூடியில் ஓட்டை போட்டுக் கட்டித் தொங்கவிடலாம்.

நிதி கேட்டு வருபவர்களிடம் கட்டடச் செலவோடு, ஐந்து ஆண்டுச் சோப்பு, துப்புரவுக் கூலி, குழி நிறைந்தால் அள்ளும் செலவு மூன்றும் கணக்கில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் பத்து அறைக்குப் பதில் ஆறு கட்டச் சொல்லி, மீதியை அதற்கு ஒதுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பொதுச் சுகாதாரப் பொறியாளர்கள் சிலர்,
காட்பாடி.