பிரசவ அறைத் தாளின் நகலைத் தாயிடம் கொடுங்கள்: மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

என் மகனுக்கு ஐந்து வயதாகிறது. அவனுக்கு மூளை முடக்குவாதம். கழுத்து நிற்பதற்கே இரண்டு வயதாயிற்று; இன்றும் தானாக உட்கார முடியாது, பேச்சு இல்லை. கர்ப்ப காலம் முழுவதும் ஸ்கேனிலும் பரிசோதனைகளிலும் குறை எதுவும் காணப்படாத நிலையில், எங்கள் மாவட்டத்தின் ஒரு தனியார் மருத்துவமனையில், நிறைமாதத்தில், ஒரே இரவில் இந்த நிலை ஏற்பட்டது என்பது எங்கள் தரப்பு. அதற்கு இழப்பீடு கோரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் நாங்கள் தொடுத்த வழக்கு மூன்று ஆண்டுகளைக் கடந்தும் முடியவில்லை. அந்த வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று தங்களிடம் கேட்க இதை எழுதவில்லை. அதை ஆணையம் முடிவு செய்யும். தங்கள் துறையால் ஓர் ஆணையில் சரிசெய்துவிடக்கூடிய ஒரு தாளைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன்.

பிரசவ அறையில் ஒவ்வொரு தாய்க்கும் ஒரு வரைபடத் தாள் எழுதப்பட வேண்டும். பார்ட்டோகிராஃப் என்பது அதன் பெயர். கருப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் விரிந்திருக்கிறது, வலி பத்து நிமிடத்தில் எத்தனை முறை வருகிறது, பனிக்குட நீர் தெளிவாக இருக்கிறதா அல்லது பச்சையாக இருக்கிறதா, பிரசவ வலியைத் தூண்டும் ‘வலி ஊசி’ மருந்து நிமிடத்திற்கு எத்தனை சொட்டு ஏறுகிறது, எல்லாவற்றுக்கும் மேலாகக் குழந்தையின் இதயத்துடிப்பு எவ்வளவு என்பவற்றை நேரம் குறித்து அதில் பதிய வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் இதற்குப் புதிய வடிவம் ஒன்றை வெளியிட்டது. அதன்படி இதயத்துடிப்பை முதல் கட்டத்தில் 30 நிமிடத்துக்கு ஒருமுறையும், தாய் முக்கத் தொடங்கும் இரண்டாம் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறையும் பார்க்க வேண்டும். 110 முதல் 160 வரை இயல்பு. வலி ஊசி ஏறிக்கொண்டிருக்கும் தாயை இன்னும் நெருக்கமாகக் கவனிக்க வேண்டும் என்பதை எந்தச் செவிலியரும் அறிவார். ஏனெனில் வலி அடுத்தடுத்து வந்து கருப்பை தளர நேரமில்லாமல் போனால், குழந்தைக்குப் போகும் ஆக்சிஜன் குறையும்.

என் தாளின் நகல் எனக்குக் கிடைத்தபோது மகனுக்கு ஒரு வயது ஏழு மாதம். இரவு 11 மணி முதல் அதிகாலை 3.30 வரை, அரை மணிக்கு ஒன்றாகப் பத்துப் பதிவுகள் இருந்தன. 142, 144, 142, 140, 144 என்று ஒரே கையெழுத்தில், ஒரே மையில், ஒரே சாய்வில் அவை இருந்தன. அந்த இரவில் ஒன்றரை மணியிலிருந்து இரண்டரை மணிவரை பக்கத்து மேசையில் வேறொரு பிரசவம் சிக்கலாகி, இருந்த ஒரே செவிலியர் அங்கே நின்றுவிட்டார் என்பதும், என் வயிற்றில் அந்த ஒரு மணி நேரம் எவரும் கை வைக்கவில்லை என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. தாளிலோ 1.30, 2.00, 2.30 என மூன்று பதிவுகளும் நிரம்பியிருக்கின்றன. சொட்டு மருந்தின் அளவு எழுத வேண்டிய கட்டம் மட்டும் முழுவதும் வெறுமையாக இருக்கிறது.

அந்தத் தாள் பிறகு எழுதப்பட்டது என்று நான் இங்கே குற்றம் சாட்டவில்லை. வலியில் இருந்த ஒருத்தியின் நினைவு தவறலாம் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் அதே தாளின் நகல் குழந்தை பிறந்த அன்றே என் கையில் இருந்திருந்தால், அதைப் பற்றி இன்று யாருக்கும் ஐயம் எழுந்திருக்காது. மருத்துவமனைக்கும் அது நல்லதுதான்.

இன்னொரு முரணும் உண்டு. அந்த மருத்துவமனை தந்த டிஸ்சார்ஜ் சம்மரியில் "பிறந்தவுடன் அழுதது" என்று அச்சாகியிருக்கிறது. பிறந்த முக்கால் மணி நேரத்தில் குழந்தையை வேறு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பியபோது, அதே மருத்துவமனையின் பணி மருத்துவர் அவசரமாகக் கையால் எழுதிக் கொடுத்த சீட்டில் "பிறந்தவுடன் அழவில்லை, பை வைத்து மூச்சு கொடுக்கப்பட்டது" என்று இருக்கிறது. அந்தச் சீட்டை ஆம்புலன்ஸில் என் கணவர் சட்டைப்பையில் வைத்திருந்ததால் அது எங்களிடம் தங்கியது. எங்கள் வழக்கின் வலுவான சான்று, திருப்பிக் கொடுக்க மறந்துபோன ஒரு சீட்டு.

இனி சட்டத்தின் நிலையைச் சொல்கிறேன். கட்டணம் பெற்றுச் செய்யப்படும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்தின் கீழ் வரும் சேவைதான் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. சிகிச்சை பெற்ற குழந்தை மட்டுமல்ல, அதற்காகப் பணம் கொடுத்த பெற்றோரும் நுகர்வோரே என்று 1998இல் வேறொரு வழக்கில் தெளிவுபடுத்தியது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வழக்குமூலம், அதாவது வழக்குக்கான காரணம், எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் தாக்கல் செய்யப்பட வேண்டும். மருத்துவ ஆவணங்களையோ, 2002ஆம் ஆண்டின் மருத்துவ நடத்தை விதிகளின்படி, சிகிச்சை தொடங்கியதிலிருந்து மூன்று ஆண்டுகள் வைத்திருந்தால் போதும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் கொடுத்துவிட வேண்டும்.

இந்தக் கெடுக்களை எங்கள் வாழ்க்கையோடு பொருத்திப் பாருங்கள். மூளை முடக்குவாதம் பிறந்த வாரத்தில் பெயர் சொல்லிக்கொண்டு வருவதில்லை. இரண்டாம் நாள் பிட்ஸ் (வலிப்பு) வந்தது. "மருந்து கொடுத்தால் போகும்" என்றார்கள். ஆறாம் மாதம் கழுத்து நிற்கவில்லை. "சில குழந்தைகள் மெதுவாகத்தான் வரும், கவலைப்படாதீர்கள்" என்றார்கள். நோயின் பெயரைக் குழந்தை நரம்பியல் மருத்துவர் முதன்முதலில் சொன்னபோது அவனுக்கு ஒரு வயது இரண்டு மாதம். அன்று மாலையே கேஸ் ஷீட் கேட்டுக் கடிதம் கொடுத்தோம். 72 மணி நேரம் ஐந்து மாதமாயிற்று, அதுவும் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பிய பிறகு. இரண்டு ஆண்டு முடிய ஒன்பது நாள் இருக்கும்போது புகாரைத் தாக்கல் செய்தோம். பாதிப்பு வெளியே தெரியாத நிலையில், அதை நோயாளி அறிந்துகொண்ட நாளிலிருந்துதான் காலவரையறை தொடங்கும் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது என்பதும், தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை ஆணையம் மன்னிக்கலாம் என்பதும் பின்னர்தான் எங்களுக்குத் தெரிந்தது. தெரியாமல் "காலம் கடந்துவிட்டது" என்று வீட்டிலேயே இருந்துவிட்ட தாய்மார்கள் மூவரைப் பிசியோதெரபி மையத்தில் மட்டும் சந்தித்திருக்கிறேன்.

மருத்துவமனையின் பதிலில் ஒரு வாதம் உண்டு: மூளை முடக்குவாதம் பெரும்பாலும் பிரசவத்தால் வருவதில்லை, கருவிலேயே தொடங்கிவிடுகிறது என்பது. அது உண்மை. நானும் படித்தேன். குறைமாதம், கருவில் தொற்று, மரபணுக் கோளாறு எனக் காரணங்கள் பல உள்ளன. பிறக்கும் நேரத்தில் ஆக்சிஜன் குறைந்ததால் வருவது அவற்றில் ஒரு சிறு பகுதியே. எந்தக் குழந்தை அந்தச் சிறு பகுதியில் சேர்கிறது என்பதை எம்.ஆர்.ஐ. ஓரளவு சொல்லும், தொப்புள்கொடி இரத்தத்தின் அமிலத்தன்மை சொல்லும், குழந்தையின் மூச்சு, இதயத்துடிப்பு, நிறம், அசைவு ஆகியவற்றைப் பார்த்துப் பிறந்த முதல் நிமிடத்திலும் ஐந்தாம் நிமிடத்திலும் போடப்படும் அப்கார் மதிப்பெண் சொல்லும், பிரசவத் தாள் சொல்லும். என் மகனுக்குத் தொப்புள்கொடி இரத்தம் சோதிக்கப்படவில்லை. அப்கார் மதிப்பெண் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒன்றும், கைச்சீட்டில் வேறொன்றுமாக இருக்கிறது. எஞ்சியது அந்தத் தாள்தான்.

ஆணையம் எங்கள் வழக்கை வல்லுநர் கருத்துக்காக ஓர் அரசு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பியது. எல்லா வழக்கிலும் வல்லுநர் கருத்து கட்டாயமில்லை என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தாலும், எங்களைப் போன்ற வழக்கில் அது தேவைதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பதினான்கு மாதம் கழித்து வந்த அறிக்கை இரண்டே வரிகள்: பதிவேடுகளின்படி இதயத்துடிப்பு இயல்பாக இருந்துள்ளது, எனவே கவனக்குறைவு தெரியவில்லை. பதிவேடு நம்பத்தக்கதா என்பதே எங்கள் கேள்வி. அதற்குப் பதிவேடே பதிலாக வந்தது. பகுப்பாய்வு தேவைப்படும் புகாரைக்கூட ஐந்து மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது என்பதை, ஒவ்வொரு வாய்தாவிலும் தாழ்வாரத்துப் பெஞ்சில் மகனை மடியில் வைத்துக்கொண்டு நினைத்துக்கொள்வேன்.

"கடவுள் கொடுத்த பிள்ளை, அதற்குப் போய்ப் பணம் கேட்கிறார்களே" என்று உறவில் சிலர் பேசுவது எங்கள் காதுக்கும் வருகிறது. அவர்கள் வாரம் ஐந்து நாள் பிசியோதெரபிக்கு வந்து பார்க்கலாம். காலுக்குப் போடும் ஸ்பிளிண்டை அவன் வளர வளர மாற்ற வேண்டும். பழையது இறுகிக் கணுக்காலில் சிவந்த தழும்பு விழும்போதுதான் அடுத்ததற்குப் பணம் சேர்க்கத் தொடங்குவோம். நான் ஆசிரியர் வேலையை விட்டு நான்கு ஆண்டாகிறது. அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய்க்கு நன்றியுடையவளாக இருக்கிறேன், ஆனால் அது பிட்ஸ் மருந்துக்கும் டயப்பருக்கும் சரியாகப் போய்விடுகிறது. நாங்கள் இருவரும் இல்லாத காலத்தில் இவனை யார் தூக்குவார்கள் என்ற கேள்விக்கு எந்தத் திட்டத்திலும் பதிலில்லை. இழப்பீட்டை நாங்கள் அந்தக் காலத்துக்காகக் கேட்கிறோம்.

இந்தக் கணக்கை உச்ச நீதிமன்றமே ஒருமுறை தமிழ்நாட்டு அரசை வைத்துக்கொண்டு போட்டிருக்கிறது. 1996 ஆகஸ்ட்டில் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில், 29ஆவது வாரத்தில், 1,250 கிராம் எடையோடு ஒரு பெண் குழந்தை பிறந்தது. குறைமாதக் குழந்தைகளுக்கு விழித்திரையில் வரும் பாதிப்பை உரிய வாரங்களில் பரிசோதித்திருந்தால் தடுத்திருக்கலாம். பரிசோதிக்கப்படவும் இல்லை, பெற்றோருக்குச் சொல்லப்படவும் இல்லை. குழந்தை பார்வையை முற்றாக இழந்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் 5 லட்சம் ரூபாய் வழங்கியது. 2015 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம், விலைவாசி உயர்வையும் சேர்த்துக் கணக்கிட்டு, எதிர்காலச் செலவுக்கு 1,38,00,000 ரூபாயும், அதுவரை ஆன மருத்துவச் செலவுக்காக 42 லட்சத்துக்கும் மேலும் தர ஆணையிட்டது. அன்று அந்தப் பெண்ணுக்கு வயது பதினெட்டு. தொகையைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு நினைவில் நிற்பது அந்தப் பதினெட்டு ஆண்டு.

ஜப்பானில் 2009 முதல் வேறு வழி இருக்கிறது. பிரசவத்தோடு தொடர்புடைய கடுமையான மூளை முடக்குவாதத்துக்கு, யார் தவறு என்று நிறுவ வேண்டிய தேவையின்றி, மொத்தம் 3 கோடி யென் வழங்கும் திட்டம் அது: 60 லட்சம் முதலில், பிறகு ஆண்டுக்கு 12 லட்சம் வீதம் இருபது ஆண்டு. ஒவ்வொரு குழந்தையின் பிரசவப் பதிவேட்டையும் வல்லுநர் குழு ஆராய்ந்து, என்ன நடந்தது என்று எழுதிப் பெற்றோருக்கும் மருத்துவமனைக்கும் தருகிறது. அந்த அளவுக்கு இங்கே இன்று கேட்பது பேராசை என்று தெரியும், என்றாலும் அந்தக் காகிதத்தைப் பெற்றோர் கையில் தருகிறார்கள் என்பதைப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது.

தங்களிடம் கேட்பது இதுதான். 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் தங்கள் துறைதான் மருத்துவமனைகளைப் பதிவு செய்கிறது. பிறந்த குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டாலோ வேறு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டாலோ, பிரசவ வரைபடத் தாள், இதயத்துடிப்பு இயந்திரத்தின் அச்சுப்பட்டை, அப்கார் பதிவு ஆகியவற்றின் நகலை 24 மணி நேரத்துக்குள், கேட்காமலே, தாயிடமோ தந்தையிடமோ கொடுத்துக் கையொப்பம் பெற வேண்டும் என்பதைப் பதிவின் நிபந்தனையாக்குங்கள். கட்டணமின்றிச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைகளில் பிள்ளை பெற்றவர்கள் பொதுவாக நுகர்வோர் ஆணையத்துக்கே போக முடியாமல் உயர் நீதிமன்றத்தையோ உரிமையியல் நீதிமன்றத்தையோ நாட வேண்டியிருப்பதால், அவர்களுக்கும் இது பொருந்த வேண்டும். அத்தகைய குழந்தைகளின் ஆவணங்கள் மூன்று ஆண்டில் அழிக்கப்படாமல், அவர்களுக்குப் பதினெட்டு வயது நிறையும்வரை காக்கப்படட்டும். ஆணையங்கள் கேட்கும் வல்லுநர் கருத்துக்கு வேறு மாவட்டத்து மகப்பேறு மருத்துவரும் பச்சிளங்குழந்தை மருத்துவரும் அடங்கிய நிலையான குழு ஒன்றை அமைத்து, அறிக்கைக்கு 60 நாள் கெடு விதித்து, காரணங்களை எழுதச் சொல்லுங்கள். நகலோடு, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது என்ற ஒரு வரியையும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் முகவரியையும் அச்சிட்டுக் கொடுத்தால் போதும். எங்களுக்கு அது தெரிய இரண்டு ஆண்டும் ஒரு வழக்கறிஞர் கட்டணமும் ஆயிற்று.

இதனால் மருத்துவர்கள் அஞ்சுவார்கள் என்று தங்களிடம் சொல்லப்படலாம். இரவு முழுவதும் உண்மையிலேயே அரை மணிக்கொருமுறை வயிற்றில் காது வைத்துக் கேட்ட செவிலியருக்கு, அன்றே வெளியே போய்விட்ட நகலை விடப் பெரிய பாதுகாப்பு எது என்று அவர்களிடம் திருப்பிக் கேட்க வேண்டுகிறேன்.

இம்மடலுடன் இரண்டு நகல்களை, பெயர்களையும் மருத்துவமனையின் முத்திரையையும் மறைத்து, இணைத்திருக்கிறேன். ஒன்று பத்துப் பதிவுகள் உள்ள அந்தத் தாள். மற்றொன்று என் கணவரின் சட்டைப்பையில் இருந்த சீட்டு. மடிப்பில் கிழிந்திருக்கிறது, எழுத்து படிக்க முடிகிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு தாய்